கட்டணம் கட்டித் திராட்சைத் தோட்டம் பார்த்தவன் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் உங்கள் ஞாயிறு இணைப்பில் நாசிக் ஒயின் சுற்றுலா பற்றி முழுப் பக்கக் கட்டுரை வந்தது. போன ஞாயிறு அதற்குப் பதிலாக ஈரோட்டு வாசகர் ஒருவர், குடிக்கப் போவதற்குச் சுற்றுலா என்று பேர் வைத்தால் அது குடி இல்லை என்று ஆகிவிடுமா என்று காய்ச்சி எடுத்திருந்தார். இரண்டையும் படித்தேன். கட்டுரை எழுதியவர் தோட்டத்துக்குள் காலே வைக்கவில்லை என்பது தெரிகிறது. எந்த உடுப்பு போட வேண்டும், எங்கே நின்றால் போட்டோ நன்றாக விழும் என்பதோடு முடித்துக்கொண்டார். ஈரோட்டுக்காரர் அந்தத் திக்கிலேயே போகவில்லை. நான் போன மாசியில் போய்விட்டு வந்தேன். எனக்குத் தொண்டாமுத்தூரைத் தாண்டி, நரசீபுரம் போகிற வழியில் மூன்று ஏக்கர் பன்னீர்த் திராட்சை. அப்பா போட்ட பந்தல். எனக்கு 64 வயது. பந்தலின் கல்தூண்கள் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவை. அதனால் இதில் நாலு வார்த்தை பேச எனக்குப் பாத்தியதை உண்டு. கடிதம் நீளம்தான். வெட்டுவதானால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், மயில்துத்தக் கதையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நாங்கள் ஒயினுக்காகப் புறப்படவில்லை. மாப்பிள்ளைக்குப் பூனாவில் வேலை. ‘ஷீரடி பாத்துப்போட்டு, அப்படியே த்ரயம்பகேஸ்வரும் கும்பிட்டுட்டு வந்தரலாங்க மாமா’ என்றார். ஷீரடியில் தரிசனம் ஆயிற்று. மறுநாள் ஞாயிறு, த்ரயம்பகம். சாமி பார்க்கிற வரைக்கும் பல்லில் தண்ணீர் படக்கூடாது என்பது என் வீட்டுக்காரியின் சட்டம். வரிசை நாலு மணி நேரம் நின்றது. வெளியே வந்து ஆளுக்கு இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டோம். அங்கிருந்து நாசிக் முப்பது கிலோமீட்டருக்குள்தான். நடுவில் கங்காபூர் அணைப் பக்கம் திரும்பினால் வரிசையாக ஒயின் ஆலைகள். மகள்தான் போகலாம் என்றாள்.

வீட்டுக்காரி காரைவிட்டு இறங்கினாள், வாசல் வரைக்கும் வந்தாள், அங்கேயே நின்றுகொண்டாள். ‘ஏனுங்க, சாமியக் கும்பிட்ட கையோட இந்த எடத்துக்கா போறது? நான் வரலீங்க. நீங்க போய்ட்டு வாங்கோ, நான் அந்த மரத்தடியில உக்காந்துக்கறேன்.’ நான் வற்புறுத்தவில்லை. அவள் தம்பி, என் மச்சினன், கடைக்குப் போய்ப் போய் 41 வயதில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தவன். கடைசி மூன்று மாதம் அவனைப் பார்த்துக்கொண்டது இவள்தான். ஈரோட்டு வாசகர் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்திருக்கலாம். அந்தக் கோபத்தோடு எனக்குச் சண்டை இல்லை.

உள்ளே போனால், முன்பதிவு செய்யாமல் வந்தால் இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். தப்பு எங்களுடையது. கட்டுரையில் இதைச் சொல்லியிருக்கலாம்: தை, மாசி இரண்டும் அங்கே அறுவடைக் காலம், சனி ஞாயிறு திருவிழாக் கூட்டம். முன்னாலேயே நேரம் எடுத்துக்கொண்டு போக வேண்டும், முடிந்தால் வாரநாளில். காசு கட்டி, கையில் ஒரு காகித வளையம் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். என் வாழ்நாளில் திராட்சைத் தோட்டத்துக்குள் நுழையக் காசு கட்டினது அதுதான் முதல் தடவை.

சுற்றிக் காட்ட வந்தது இருபத்துநாலு, இருபத்தைந்து வயதுப் பெண். பக்கத்துக் கிராமம், அவள் அப்பாவும் திராட்சைக்காரர், இதே ஆலைக்கு ஒப்பந்தத்தில் பழம் கொடுக்கிறவர். மகள் எனக்குத் தமிழில் சொல்லச் சொல்ல நான் கேட்டேன். கொடியைப் பார்த்ததும் எனக்குத் திகைப்பு. பந்தலே இல்லை. நம் ஊரில் அவரைக்கும் புடலைக்கும்கூடப் பந்தல் போடுவோம். அங்கே கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார வைத்ததுபோல் நீள நீளமாக வரிசை, கம்பி கட்டி, கொடியை அதில் நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்கள். குலைகள் இடுப்பு உயரத்தில். அறுக்கிற பெண்கள் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. இதை மட்டும் என் தோட்டத்துக்கு அறுக்க வருகிற ஆத்தாக்கள் பார்த்திருந்தால் அன்றைக்கே கழுத்து வலிக்குக் கணக்குக் கேட்டிருப்பார்கள்.

பழம் சின்னது. நம் பழத்தில் பாதிகூட இல்லை. தோல் தடிமன், உள்ளே கொட்டை. வாயில் போட்டால் இனிப்பு தொண்டையில் பிடிக்கிறது. அந்தப் பெண் ஒரு குழல் மாதிரிக் கருவியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து என் கண்ணில் வைத்தாள். 23 என்ற கோட்டில் நின்றது. சர்க்கரை அளவு. (மாப்பிள்ளை பிற்பாடு எனக்கும் ஒன்று வாங்கி அனுப்பினார். என் பன்னீர் 17 காட்டியது. மூன்று நாள் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை.) ஏக்கருக்கு எவ்வளவு எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். நாலு, ஐந்து டன்னுக்கு மேல் விடமாட்டோம், அதிகம் விட்டால் பழத்தில் சாரம் இருக்காது என்றாள். நம் வேளாண் பல்கலைக்கழகக் கணக்கே பன்னீருக்கு ஹெக்டேருக்கு 30 டன், அதாவது ஏக்கருக்கு 12 டன். பிஞ்சைப் பறித்துக் கீழே போட்டு விளைச்சலைக் குறைக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. அவள் அப்பாவுக்கோ கொடியை வெட்டிவிடுகிற கவாத்துக்கு முன்னாலேயே விலை எழுதியாகிவிடுகிறதாம், சர்க்கரை ஏற ஏறப் பணமும் ஏறுமாம். அதைக் கேட்டதும் வேறுவிதமாக எரிந்தது.

கவாத்து அங்கே வருஷத்துக்கு இரண்டு: ஏப்ரலில் ஒன்று, கொடியைத் தேற்ற, மழை விட்டபின் செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று, காய்க்க. குளிர்நாட்டில் பனிக்காலம் வந்தால் கொடி தானாக உறங்கும். நம் பக்கத்து வெயிலில் அதற்குத் தூக்கம் கிடையாது, நாம்தான் கத்திரியால் தூங்கவைத்து எழுப்ப வேண்டும். நாங்கள் மார்கழி, தையில் ஒரு கவாத்து, வைகாசி, ஆனியில் ஒரு கவாத்து செய்து இரண்டு தடவையும் பழம் எடுக்கிறோம். அதைச் சொன்னதும் அந்தப் பெண் நம்பாமல் மகளிடம் இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள். அங்கே என் மானம் சற்று நிமிர்ந்தது.

இனி மயில்துத்தம், கொடிக்கு மருந்து கலக்குகிற நீலச் செம்பு உப்பு. ஒரு வரிசையைக் காட்டி, இதிலிருந்து வருவது போர்டோ பாணி ஒயின் என்றாள். இவ்வளவு நேரமும் ஒரு பெயரும் எனக்குப் பிடிபடவில்லை. செனின், சொவினியான், ஜின்ஃபாண்டெல், எல்லாம் காதோரம் போய்விட்டது. போர்டோ என்றதும், நாம் பூசணத்துக்கு அடிக்கிற போர்டோக் கலவைதானே, அப்பாடா என்று, ‘எத்தனை சதம் அடிக்கிறீங்க?’ என்று கேட்டுவிட்டேன். கூட வந்த பம்பாய்ப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ‘அப்பா, அது பிரான்சுல ஊர்ப் பேருங்கப்பா’ என்று மகள் காதைக் கடித்தாள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒரு விரலைக் காட்டினாள். ஒரு சதம். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ நீற்றுச் சுண்ணாம்பு. உலகத்தில் எந்தத் திராட்சைக்காரனுக்கும் அந்தக் கணக்கு ஒன்றுதான். கலவை சரியா என்று பார்க்க நான் அரிவாள் முனையை முக்கி வைப்பேன்; செம்பு படிந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை என்று அர்த்தம். அவள் அப்பா கத்தியை முக்குவாராம்.

கதையை மீதி அவள் சொன்னாள். 1880களில் போர்டோ பக்கத்தில், மெடாக் என்ற சீமையில், சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் குலையை அறுத்துக்கொண்டு போவது பெரிய தொல்லை. விவசாயிகள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலக்கிச் சாலையோர வரிசையில் மட்டும் தெளித்து வைத்தார்கள். நீலமாய்ப் பூத்துக் கிடந்தால் விஷம் என்று பயந்து எவனும் தொடமாட்டான். அந்த வருஷம் அடிச்சாம்பல் நோய் வந்து தோட்டம் தோட்டமாக இலை கொட்டியது. சாலையோர வரிசை மட்டும் பச்சையாக நின்றது. மில்லார்டே என்ற பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, சோதித்து, 1885இல் உலகத்துக்கே அறிவித்தார். திருடனுக்காகக் கலக்கினது பூசணத்துக்கு மருந்தாகிவிட்டது.

எனக்கு என் அப்பா ஞாபகம். வெள்ளியங்கிரிக்குப் போகிறவர்கள் எங்கள் தோட்டத்து ஓரமாக நடந்த காலம் அது. சாலையோரம் இருந்த வரிசைக்கு மட்டும் அவர் மருந்தை இரண்டு கை தடிப்பாக அடிப்பார். ‘ஏனுங்கப்பா, அங்க மட்டும்?’ என்றால், ‘அங்கதான்டா நோவு எச்சா’ என்பார். எந்த நோவு என்று நாற்பது வருஷம் கழித்து நாசிக்கில் தெரிந்தது. நாங்கள் வழிப்போக்கனை விரட்ட நீலம் அடித்துக்கொண்டிருந்தோம். இவர்கள் அதே வழிப்போக்கனுக்கு ரசீது போட்டு, கையில் வளையம் கட்டி, உள்ளே கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

ஆலைக்குள் அதிகம் சொல்ல இல்லை. எவர்சில்வர் தொட்டிகள், மாடி உயரம். பிறகு ஒரு குளிர்ந்த கூடம், அங்கே ஓக் மரப் பீப்பாய்கள், ஒவ்வொன்றும் 225 லிட்டர். கவுந்தப்பாடி சர்க்கரை மண்டிக்குள் மழைநாளில் நுழைந்தால் ஒரு வாசம் அடிக்குமே, கிட்டத்தட்ட அது. சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சேர்த்துப் புளிக்க விடுவார்கள், வெள்ளைக்குப் பிழிந்ததும் தோலை நீக்கிவிடுவார்கள். கருத்த பழத்தைப் பிதுக்கினாலும் உள்ளே சாறு நிறமில்லாமல்தான் இருக்கிறது; சாயம் எல்லாம் தோலில். பன்னீரும் அப்படித்தான். ஐம்பது வருஷமாகப் பிதுக்கித் தின்கிறவன், அதை யோசித்துப் பார்த்ததில்லை.

சுவைக்கிற மேசைக்கு வருகிறேன். நீளமான மேசை. ஆளுக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம், ஒரு தட்டில் உப்பில்லாத பிஸ்கட், தண்ணீர், நடுவில் ஒரு வாளி. வெள்ளை முதலில், சிவப்பு பிறகு, தித்திப்பு கடைசியில். நம் இலையில் பாயசத்துக்குப் பிறகு ரசம் வந்தால் எப்படி இருக்கும், அதுதான் இந்த வரிசைக்கும் காரணம். கிண்ணத்தை அடித்தண்டில் பிடிக்க வேண்டும், உள்ளங்கைச் சூடு ஏறக்கூடாது. சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு மோந்து, ஒரு மடக்கு வாயில் வைத்துப் புரட்ட வேண்டும். பிறகு வாளியில் துப்பிவிடலாம். அந்த வாளி எதற்கு என்று எனக்கு முதலில் தெரியாது, யாரும் துப்பவும் இல்லை. காசு கொடுத்ததைத் துப்புவதா என்று நானும் விழுங்கினேன். ஆறு வகை. வயிற்றில் இரண்டு வாழைப்பழம். நாலாவதில் மேசை லேசாகப் பவானிப் பரிசல் மாதிரி ஆடியது. மகள் என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி வாளியில் கவிழ்த்தாள். ஆகவே வாசகர்களுக்குச் சொல்வது: வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வாளிக்குக் கூச்சப்படாதீர்கள், வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். எங்கள் மாப்பிள்ளை அன்றைக்கு எலுமிச்சைச் சாறுதான் குடித்தார்.

ருசி எப்படி என்று கேட்பீர்கள். முதல் வெள்ளையை மோந்து பாருங்கள், என்ன வாசம் என்றாள். பிள்ளைகள் ஆளாளுக்கு ஒரு பழம் சொன்னார்கள். எனக்குப் பச்சை மிளகாயைக் காம்போடு கிள்ளினால் வருமே, அந்த வாசம்தான் வந்தது. சொல்லத் தயங்கினேன். மகள் சொன்னாள். ‘சரி, அதுதான்’ என்று அந்தப் பெண் மேசையைத் தட்டினாள். சொவினியான் பிளாங்கின் அடையாளமே அந்தப் பச்சை வாசம்தானாம். அதன்பிறகு எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஷிராஸ் என்ற சிவப்பில் மிளகு. நான் மிளகு ரசம் என்றேன். மிளகில் காரவாசம் தருகிற அதே பொருள் அந்தத் திராட்சைத் தோலிலும் இருக்கிறது என்றாள். அடுத்தது வாயில் வைத்ததும் நாக்கும் ஈறும் சுருங்கின. இதற்கு ஒரு வார்த்தை தேடி அவள் இந்தியிலும் இங்கிலீஷிலும் திணறிக்கொண்டிருந்தாள். நமக்கு என்ன கஷ்டம்? துவர்ப்பு. அறுசுவையில் ஒன்று. நரம்பெடுக்காத வாழைப்பூ, கடுக்காய், முற்றாத நாவல்பழம்.

அங்கே நின்றபோதுதான் இன்னொன்று பொறி தட்டியது. மஸ்கட் வகைத் திராட்சையில் ரோஜா வாசம் வரும் என்று ஏதோ பெரிய ரகசியம்போல் சொன்னாள். நம் பன்னீர் மஸ்கட்டுதான், மஸ்கட் ஹாம்பர்க் என்று பேர். பன்னீர் என்றால் என்ன? ரோஜாத் தண்ணீர். நம் முன்னோர்கள் மேசை போடாமல், கிண்ணம் சுழற்றாமல், மோந்து பார்த்த மாத்திரத்தில் வாசத்தையே பழத்துக்குப் பேராக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாம் அதைக் கூடையில் கொட்டி, கிலோ என்ன விலை என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

வெளியே வந்தால், வீட்டுக்காரி மரத்தடியில் தனியாக இல்லை. பழம் அறுக்கிற இரண்டு பெண்களோடு பாஷை தெரியாமலே பேசிக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சை. என் நடையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது, ஒன்றும் சொல்லவில்லை. கார் நகர்ந்த பிறகு சொன்னாள்: ‘நான் உக்காந்திருந்தப்ப அறுவத்தி மூணு காரு வந்துதுங்க. குடிச்சவிங்க பாதிதான் இருப்பாங்க. மிச்சப் பேரு சும்மா கொடியப் பாத்துப்போட்டு, காப்பி குடிச்சுப்போட்டுப் போறாங்க. கொழந்தைங்கல்லாம் வருது.’ அந்த எண்ணிக்கை என் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. அவள் இன்னொன்றும் சொன்னாள். சாயங்காலம் ஆக ஆக வண்டி நிறுத்துமிடத்தில் சில பையன்கள் நிற்கமுடியாமல் தள்ளாடினார்கள், ஒருவன் சாவியைப் போட்டுவிட்டுத் தேடினான், தேடி எடுத்து வண்டியும் ஓட்டிக்கொண்டு போனான். ஈரோட்டு வாசகர் சொன்னது அங்கே நூற்றுக்கு நூறு சரி.

இந்த இடத்துக்கு எல்லாம் மூலகர்த்தர் ராஜீவ் சமந்த் என்றார்கள். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, குடும்ப நிலத்தில் நட்டு, 2000இல் சூலா என்ற பேரில் முதல் ஒயினை விற்றவர். 2005இல் தோட்டத்திலேயே சுவைக்கும் கூடம் திறந்தார். அவருக்கு முன்னாலேயே பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடியில் குரோவர் குடும்பம் 1988இல் தொடங்கிவிட்டது. நாசிக் தூரம் என்று நினைக்கிறவர்கள் நந்தி மலைக்குப் போகலாம், கோவையிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம்.

நம் ஊரில் ஒயின் ஆலை திறக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. ‘ஒயின்ஷாப்’ என்று சொல்லிக்கொண்டு பிராந்தி மட்டும் வாங்குகிற நாடு இது. அதில் இன்னொரு ஷாப் எதற்கு? என் மச்சினனைத் தூக்கிக்கொண்டு போன தோளில் இன்னும் வலி இருக்கிறது. எனக்கு வேண்டியது அந்த மேசையும் ரசீதும்தான். கோவையிலிருந்து சனி ஞாயிறு எங்கள் சாலையில் எத்தனை வண்டி போகிறது? பூண்டிக்கு, வெள்ளியங்கிரிக்கு. என் பந்தலைத் தாண்டித்தான் போகிறார்கள். திரும்பி வருகிறபோது தள்ளுவண்டியில் எந்த ஊர்ப் பழமோ வாங்கிக்கொண்டு போகிறார்கள். தென்னந்தோப்புக்காரர்களுக்கும் இதே கதை. தென்னம்பாளையிலிருந்து புளிக்காமல் இறக்குகிற நீராவுக்கு 2017இல் அனுமதி வந்தது. இது எந்த மரத்தில், இன்றைக்கு எத்தனை மணிக்கு இறக்கினது என்று சொல்லி, நிழலில் உட்காரவைத்து ஊற்றிக்கொடுக்கிற தோப்பு ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. கம்பம் பன்னீருக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். என்னுடையதும் அதே இனம்தான், மலைக்கு இந்தப் பக்கம் முளைத்துவிட்டது. எங்கள் தோட்டத்துக்கு முன்பதிவில்லாமல் ருசி பார்க்க வருவது யானை மட்டும்தான். அதுவும் ராத்திரியில், வாளி தேவைப்படாமல்.

போன சித்திரைக் கடைசியில் ஒரு ஞாயிறு செய்து பார்த்தேன். மகளின் கல்லூரித் தோழிகள், அவர்கள் குடும்பம், மொத்தம் பதினொரு பேர். ஆளுக்கு 150 ரூபாய். விலை வைத்தது வீட்டுக்காரி. காப்பியும் கச்சாயமும் அதில் அடக்கம். பந்தலுக்கு அடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அதன்மேல் பலகை வைத்து, நாலு வட்டல். முதல் வட்டலில் இன்னும் பச்சை மாறாத காய், கூடவே உப்பும் மிளகாய்த்தூளும். அடுத்ததில் பாதி கருத்தது. மூன்றாவது நன்றாகப் பழுத்தது. நாலாவது இதற்கென்றே பத்து நாள் கூடுதலாகக் கொடியில் விட்டு, தோல் சுருங்க ஆரம்பித்த குலை. மருந்து அடிப்பதை ஒரு மாதம் முன்பே நிறுத்தியிருந்தேன். வாயில் போடுவதற்கு முன்னால் மோந்து பாருங்கள் என்றேன். ஆளாளுக்கு யோசித்தார்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை, ‘குல்கந்து’ என்றது. அந்தப் பெண் நாசிக்கில் மேசையைத் தட்டினதுபோல் நானும் பலகையைத் தட்டினேன், வட்டல் குதித்தது. போகும்போது 64 கிலோ வாங்கிக்கொண்டு போனார்கள். வியாபாரி அன்றைக்குக் கிலோவுக்கு 38 சொல்லிக்கொண்டிருந்தார். நான் 80 என்றேன், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜீப் வந்தது. எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. யாரோ போன் போட்டிருக்கிறார்கள். ‘இங்க ஒயின் காச்சி ஊத்திக் குடுக்கறதாப் புகாருங்க’ என்றார் வந்தவர்களில் மூத்தவர். வாடை அடிக்கிறதே என்று சாளைக்குப் பின்னால் நீலப் பேரலைக் காட்டினார். நான் மூடியைத் திறந்தேன். பஞ்சகவ்யம். சாணி, கோமியம், பால், தயிர், நெய், அதோடு வெல்லமும் வாழைப்பழமும் போட்டுப் பதினெட்டு நாள் ஊறினது. மூத்தவர் இரண்டடி பின்னால் போனார். இளையவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, ‘இதக் குடிப்பாங்களாங்க?’ என்றார். ‘கொடி குடிக்குமுங்க’ என்றேன். சிரித்தார்கள், காப்பி குடித்தார்கள், நல்ல மனுஷர்கள்தான். ஆனால் வெளியாட்களைக் கட்டணம் வாங்கித் தோட்டத்துக்குள் விடுவதானால் முன்னறிவிப்பும் அனுமதியும் வேண்டும் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். யாரிடம் அனுமதி என்று கேட்டேன். அது அவர்களுக்கும் தெரியவில்லை.

ஆவணிப் பழத்துக்குள் வாங்கிவிடலாம் என்று மூன்று அலுவலகங்களுக்குப் போனேன். முதல் இடத்தில் இது சுற்றுலா என்றார்கள். இரண்டாவது இடத்தில் இது விவசாயம், எங்களிடம் ஏன் வந்தீர்கள் என்றார்கள். மூன்றாவது இடத்தில், தின்பண்டம் கொடுப்பதால் அதற்குத் தனி உரிமம், ஆனால் காப்பியா பழமா என்று பிரித்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். ஆவணிப் பழம் முழுக்க வியாபாரிக்கே போனது. மழை பிடித்துக்கொண்டதால் பழம் வெடித்தது, கழிவு போக என்ன நின்றது என்பதை எழுதினால் வீட்டுக்காரி கோபித்துக்கொள்வாள்.

உங்கள் பத்திரிகையால் ஆகக்கூடிய காரியம் ஒன்று உண்டு. மூன்று ஏக்கர்க்காரன் ஒருவன், மது இல்லாமல், தன் தோட்டத்தைக் காட்டி, தன் பழத்தைச் சுவைக்கக் கொடுத்து, ஆளுக்கு 150 ரூபாய் வாங்க வேண்டுமானால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும்? சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். ஞாயிறு இணைப்பில் இடம் இருக்கிறது, பார்த்தேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம்தான் கவாத்து முடித்தேன். அரும்பு விட்டிருக்கிறது. சித்திரைக் கடைசியில் பழம் கருக்கும். கட்டுரை எழுதியவரும் ஈரோட்டு வாசகரும் சேர்ந்தே வரட்டும், இரண்டு பேருக்கும் கட்டணம் இல்லை. காலையில் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பன்னீர்த் திராட்சை விவசாயி ஒருவன்,
நரசீபுரம் சாலை, தொண்டாமுத்தூர் வட்டாரம், கோவை மாவட்டம்.

(பேரைப் போட வேண்டாம். ஜீப்புக்கு வழி தெரியும்.)